பச்சைச் சீட்டில் இரண்டு சோலையம்மாள்

அத்தியாயம் 11

போன வாரம் விட்ட இடத்திலேயேதான் அந்த வீடு இருக்கிறது. யாரும் யாரோடும் பேசவில்லை. காபி மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்த வாரம்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காகச் சுருக்கமாக: சிலமலையைத் தாண்டினால் மேலக்கரடு. அங்கே தவசி, ஈஸ்வரன் என்று அண்ணன் தம்பி. அண்ணனுக்கு வாக்கப்பட்டவள் சோலையம்மாள். தம்பிக்கு வாக்கப்பட்டவளும் சோலையம்மாள். இருவரும் பெரியப்பா, சித்தப்பா பெண்கள். அந்த வகையறாவில் எந்த வீடானாலும் மூத்த பெண்ணுக்குக் குலசாமி பேர்தான். மாற்றி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும். மாற்றாமல் வைத்தால் என்னென்ன கோளாறு வரும் என்று சாமியும் யோசிக்கவில்லை, தேர்தல் வரும்வரை மனிதர்களும் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் பெரிய சோலை, சின்ன சோலை. அதுவே போதுமானதாக இருந்தது.

தேர்தல் வந்தது. ஒன்றியக் கவுன்சிலர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்றார்கள். ஆகவே ஆளுங்கட்சியில் சீனிச்சாமி தன் மனைவி கற்பகத்தை நிறுத்தினார். எதிர்க்கட்சியில் பாண்டித்துரை தன் மனைவி ரேணுகாவை நிறுத்தினார். போஸ்டர்களில் கணவர்கள் ஆள் உயரத்துக்கு நின்று கும்பிட்டார்கள். வேட்பாளர்கள் ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சிரித்தார்கள். சீனிச்சாமியும் பாண்டித்துரையும் மாமன் மச்சான். மேடையில் ஒருவர் குடும்பத்தை மற்றவர் சந்திக்கு இழுப்பார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. மலைக்கு ஆள் ஏற்றுகிற அவர்களுடைய ஜீப்புகளும் ஒரே ஷெட்டில்தான் தூங்குகின்றன.

மூன்றாவதாக, சுயேச்சையாக நின்றாள் சின்ன சோலை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக மேலே போய், ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிற பெண்களுக்கு அவள்தான் லீடர். ஜீப்பு நிற்கிற இடத்தில் ஒரு கழிப்பறை வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அந்த இடத்தில் ஆளுங்கட்சி ஒரு முறை அடிக்கல் நாட்டியிருக்கிறது. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியாக இருந்த காலத்தில் அதுவும் ஒரு முறை நாட்டியிருக்கிறது. இரண்டும் நல்ல கிரானைட். பெண்கள் அவற்றின் மேல் தூக்குவாளியை வைத்துவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் கரட்டுப் பக்கம் ஓடிப்போய்விட்டு வருவார்கள்.

மலையேறும் வீட்டு ஓட்டெல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் இரண்டு கட்சியும் தோற்கும். இதை முதலில் கணக்குப் போட்டவர் சீனிச்சாமி. மனுத் தாக்கலின் கடைசி நாளில் இன்னொரு சுயேச்சை மனுக் கொடுத்தார். பேர்: சோலையம்மாள். ஆம், பெரிய சோலை. பச்சை நிற வாக்குச்சீட்டில் இரண்டு சோலையம்மாள் இருந்தால், சின்னவளுக்குக் குத்த வருகிறவர்களில் பாதிப் பேர் பெரியவளுக்குக் குத்திவிட்டுப் போவார்கள்.

போன வாரம் அதோடு நின்றது. இன்று பேரைத் திரும்பப் பெறுவதற்குக் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணி வரை.

*

சின்ன சோலை காபியைக் குடித்துவிட்டு ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனாள். இன்று மலையேறவில்லை என்று சொல்லிவிட்டு வரத்தான்.

"என்னடி சொன்னா ஒங்க அக்கா?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. மருதாயி. அவளுக்கு வாய்தான் முதலில் வரும், ஆள் பின்னால் வரும்.

"இனிமேத்தான்க்கா கேக்கணும்."

"இன்னும் கேக்கவே இல்லையா! ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கொழம்பு. என்னடி கூச்சம்?"

"பேச்சே இல்லையேக்கா."

"பேச்சு இல்லாட்டி என்ன, கால்ல விழு. ஓட்டுக் கேட்டு ரோட்டுல போற வர்றவன் கால்ல எல்லாம் விழுந்தேல்ல? கூடப் பொறந்தவ மாதிரி இருக்கிறவ கால்ல விழ என்ன கேடு?"

"சின்னம் குடுத்துட்டா அதைப் பாத்துக் குத்திருவீகள்ல?"

"ஆமா, குத்துவாளுக! பொறந்ததுல இருந்து பாக்குற கட்சிச் சின்னத்தையே மாத்திக் குத்திட்டு வந்து முழிக்கிறவளுக. நாலு நாளைக்கு முந்தி வந்த சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிப்பாளுகளா? எனக்கு எழுத்தும் தெரியாது. ரெண்டு பேருல எது நீ, எது அவன்னு எந்த மகராசிகிட்டப் போய்க் கேக்க?" மருதாயி குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. நீர்க்கடுப்போட வளைவுக்கு வளைவு பல்லைக் கடிச்சுக்கிட்டு மேல போறது நானு. மெட்டுல நிப்பாட்டுடான்னா டிரைவர் பய, 'எஸ்டேட்டுல போயி எறங்கிக்க'ங்கிறான். போன மாசம் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, 'அடக்கி வைக்காதீங்கம்மா'ன்னா. அடக்காம எங்க போறதுன்னு கேட்டேன். மாத்திரையை எழுதிக் குடுத்துட்டா. வெரசாப் போயி அவளைக் கூட்டிக்கிட்டு போடிக்குப் போ."

ஜீப்பு வந்தது. பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். இன்று அந்த ஜீப்பை ஓட்டியது வேறு ஆள். வழக்கமாக ஓட்டுகிற ஈஸ்வரன், அவள் வீடு திரும்பியபோது, சீனிச்சாமியின் இன்னொரு ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு லோடு இல்லையா?" என்று கேட்டாள் சின்ன சோலை.

"அண்ணன் லீவு குடுத்துட்டாரு. உங்க ரெண்டு பேரையும் போடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி வண்டியையும் குடுத்தாரு."

"எந்த அண்ணன்?"

"சீனிச்சாமி அண்ணன்தான். டீசலும் அவரு கணக்கு."

எதிரி டீசல் போட்டுக் கொடுக்கிற வண்டி எந்தப் பக்கம் போகும் என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஓட்டுகிறவன் தன் புருசன் என்பதால் யோசிக்கவில்லை.

*

பெரிய சோலை அடுப்படியில் மருதாயியின் பேத்திக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு இட்லிக்காகக் காத்திருந்தன. எதுவும் அவள் பிள்ளை இல்லை. மலையேறும் பெண்கள் இருட்டோடு தூக்கிக்கொண்டுவந்து ஜமுக்காளத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுடைய வீட்டுக்காரர் தவசி தேவாரத்துப் பக்கம் குத்தகைத் தோட்டத்தில் யானைக்குக் காவல் கிடக்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் வந்து துணி மாற்றிக்கொண்டு போவார்.

"அக்கா," என்றாள் சின்ன சோலை.

"இட்லி வேணுமா?"

"பேரை வாபஸ் வாங்கிருக்கா."

"ஏன், எம் பேரு நல்லா இல்லையா?"

"வெளையாடாத. சீனிச்சாமி உன்னைய எதுக்கு நிறுத்தியிருக்கான்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்டி. ஒன் ஓட்டைப் பிரிக்க. நான் என்ன பால்குடிப் பிள்ளையா?"

"தெரிஞ்சேவா போய் நின்னே?"

"தெரிஞ்சேதான்."

பெரிய சோலை இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு ஒரு பிள்ளையின் வாயில் வைத்தாள். அது மென்று விழுங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, யாரிடமோ எதையோ சாதாரணமாகச் சொல்வது போல ஆரம்பித்தாள்.

"யாரை நிறுத்துறதுன்னு நீங்க எல்லாரும் கூடிப் பேசுனது இந்த வீட்டுலதான? எல்லாத்துக்கும் டீ போட்டது நானு. ஒருத்தி, 'நம்ம சோலை நிக்கட்டும்'னா. என்னையத்தான்னு நெனச்சேன். டம்ளரோட திரும்புனேன். எல்லாரும் ஒன் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்காளுக."

சின்ன சோலைக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருந்தது. டீ கூட ஞாபகம் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். டீ போட்டவள் திரும்பியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"நீ மலையேறுனே, லீடரானே. சரி. ஒம் மக சுஜிதா இன்னைக்கு மதுரையில காலேசுல படிக்கிறா. அவளுக்குச் சடை பின்னி, சோறு கட்டி, பஸ்சு ஏத்திவிட்டது யாரு? இந்தா, இதுகளை வச்சுக்கிட்டு இருக்கிறது யாரு? இதுக்கெல்லாம் லீடருன்னு ஒரு பேரு கெடையாதாம். 'பெரியவ வீட்டுல சும்மாதான இருக்கா'ங்கிறாளுக."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீ சொல்லல. சொன்னவளை ஏன்டின்னு கேக்கவும் இல்ல."

சின்ன சோலை சுவரைப் பார்த்தாள்.

"சீனிச்சாமி வந்தான். இந்தா, இந்தப் பலகையில உக்காந்து, 'சோலையம்மா அக்கா, நீங்க நிக்கணும்'னான். பொய்யின்னு தெரியும். ஆனா பொய்யாக்கூட ஒருத்தரும் அதுவரைக்கும் எங்கிட்ட அதைக் கேட்டதில்லையே."

அடுப்பில் இட்லிச்சட்டி கொதித்தது. சின்ன சோலைக்கு அழுகை வந்தது. மருதாயி சொன்னபடி காலில் விழத்தான் வந்திருந்தாள். இப்போது விழுந்தால் நடிப்பு மாதிரி இருக்கும் என்று தோன்றியது. ஆகவே நின்றபடியே அழுதாள்.

"அழுகாத," என்றாள் பெரிய சோலை. "பிள்ளைக பாக்குதுக."

அழுகை நிற்கவில்லை.

"அடச்சீ, கண்ணைத் தொடை. வர்றேன். வாபஸ் வாங்கிருவோம்."

"நெசமாவாக்கா?"

"ஒனக்காக இல்ல. மருதாயி இந்த வயசுல கரட்டுப் பக்கம் ஓடுறதைப் பாக்கச் சகிக்கல. இரு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, குளிச்சு வேற சீலை கட்டிக்கிட்டு வர்றேன். ஆபீசுக்குப் போறமே."

*

போடியில் ஒன்றிய அலுவலக வளாகம் முழுக்கக் கரை வேட்டிகள். வேப்பமரத்தடியில் சீனிச்சாமியும் பாண்டித்துரையும் ஒரே தட்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஜீப்பு உள்ளே நுழைந்ததும் பாண்டித்துரை எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்க்கட்சிக்காரர்கள் நிற்கிற மூலைக்குப் போனார். கொள்கை அளவில் அவர் அங்கேதான் நிற்க வேண்டும்.

"வாங்க, வாங்க, வேட்பாளரே!" சீனிச்சாமி சால்வையோடு பெரிய சோலையை நோக்கி வந்தார். "அக்காவுக்கு ஒரு சேர் கொண்டாங்கடா!"

"சேரு இருக்கட்டும்ப்பா. சால்வையையும் நீயே வச்சுக்க. நான் பேரைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்."

சீனிச்சாமி ஈஸ்வரனைப் பார்த்தார். ஈஸ்வரன் வேப்பமரத்தைப் பார்த்தான். சின்ன சோலை இரண்டையும் பார்த்தாள். சந்தோசத்தில் இருந்ததால் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.

"ஒங்க இஷ்டம் ஆத்தா," என்றார் சீனிச்சாமி. அரசியலில் அவருக்கு இருந்த ஒரே திறமை, முகம் சுருங்குவதற்குள் சிரித்துவிடுவது. "உள்ள கூட்டமா இருக்கு. நேரம் கெடக்கு, செத்த உக்காந்துட்டுப் போங்க."

இருவரும் நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காற்றில் ஏலக்காய் வாசம் வந்தது. எங்கோ குடோனில் மூட்டை பிரிக்கிறார்கள் போல. சின்ன சோலை கையை முகர்ந்து பார்த்தாள். அதே வாசம் அவள் விரல் இடுக்கில் கறையாக ஒட்டியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அக்காவின் கையில் வெங்காய வாசம் இருந்தது.

பல நாளைக்கப்புறம் இரண்டு பேரும் மத்தியானம் வரை சாதாரணமாகப் பேசினார்கள். யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், தவசிக்கு இருமல் எப்படி இருக்கிறது, இந்தத் தடவை தோட்டத்துக்குள் யானை வந்ததா, இல்லையா என்றெல்லாம்.

"ஏடி," என்றாள் பெரிய சோலை, "ஜெயிச்சுட்டேன்னு வையி. என்ன செய்வே?"

"மாசாமாசம் இங்க கூட்டத்துக்கு வரணும். தேனிக்குப் போயி கலெக்டரைப் பாக்கணும். நாலு ஊரு அலையணும். அலைச்சல்தான்க்கா."

"அப்ப எனக்கு என்ன சோலி?"

"ஒனக்கு ஏன்க்கா அந்த அலைச்சல் எல்லாம்? நீ எப்பவும் போல வீட்டைப் பாத்துக்க. நீ வீட்டுல இருக்கிற தைரியத்துலதான நான் தேர்தல்லயே நிக்கிறேன்."

பாராட்டாகத்தான் சொன்னாள். மனசாரச் சொன்னாள். சொல்லி முடித்து, அக்கா சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

பெரிய சோலை சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முந்தானை நுனியை நீவிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு ஆபீசுக்காகக் கட்டி வந்த சீலை.

"பசிக்குதுடி," என்றாள். "வாசல்ல வடை போடுறான் பாரு. ரெண்டு வாங்கிட்டு வா."

சின்ன சோலை ஓடிப்போய் வாங்கிவந்தாள். பெரிய சோலை காகிதத்தை மடியில் விரித்து, வடையைப் பிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். அடுத்த துண்டைப் பிட்டாள்.

"அக்கா, உள்ள கூட்டம் கொறஞ்சிருச்சு. வா."

"தின்னுட்டு வர்றேன்."

"வந்து தின்னுக்கலாம்க்கா. மணி ரெண்டரையாச்சு."

"திங்க விடுடி. கல்யாணமாகி வந்ததுல இருந்து இன்னைக்குத்தான் அடுத்தவன் சுட்டதைத் திங்கிறேன்."

இரண்டாவது வடையும் அதே வேகத்தில்தான் போயிற்று. பாதியில் சின்ன சோலைக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தாள். பெரிய சோலை அசையவில்லை. மாவாட்டி, தண்ணீர் தூக்கி, அடுத்தவர் பிள்ளைகளைச் சுமந்த உடம்பு. "நான் என்னக்கா தப்பாச் சொல்லிட்டேன்?" என்றாள் சின்ன சோலை. பெரிய சோலை அடுத்த துண்டைப் பிட்டாள். கடைசியில் அத்தனை பேர் பார்க்கக் காலிலேயே விழுந்தாள்.

சீனிச்சாமியின் ஆள் ஒருவன் அதைச் செல்போனில் படம் எடுத்தான். இரண்டு கட்சிக்காரர்களும் பக்கம் பக்கமாக நின்று, படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

"எந்திரிடி. சீலை அழுக்காகுது," என்றாள் பெரிய சோலை.

மூன்று மணிக்கு உள்ளே கதவைச் சாத்தினார்கள்.

*

அடுத்து, சின்னம் ஒதுக்க வேட்பாளர்களை உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன சோலை தண்ணீர்க் குழாய் கேட்டாள். பெரிய சோலையும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தண்ணீர்க் குழாய்தான் கேட்டாள்.

"அது நான் கேட்டது!"

"இத்தனை வருசமா வீட்டுக்குத் தண்ணி தூக்குனவ நானு. ஒனக்கு எதுக்குடி கொழாயி?"

தேர்தல் அலுவலர் நேர்மையானவர். இரண்டு துண்டுச் சீட்டில் பேரை எழுதி, எல்லோருக்கும் காட்டி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தார். குழாய் பெரிய சோலைக்குப் போயிற்று. நேர்மையாகவே போயிற்று. மீதி இருந்த சின்னங்களில் சின்ன சோலைக்குக் கத்தரிக்காய் கிடைத்தது.

வெளியே வந்ததும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. "நல்லாப் பண்ணிட்டக்கா. சீனிச்சாமி ஒரு தடவை அக்கான்னு கூப்பிட்டான், நீ பின்னாடியே போயிட்ட!"

பெரிய சோலை நின்றாள்.

"சீனிச்சாமி வாரதுக்கு முந்தி இன்னொருத்தரு வந்தாருடி. 'மதினி, சீனிச்சாமி அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு கேக்க வருவாரு, மாட்டேன்னு சொல்லிராதீக'ன்னு. என் மனுவுல முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டதும் அவருதான்."

"யாரு?"

பெரிய சோலை ஜீப்பைப் பார்த்தாள்.

ஈஸ்வரன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அந்தக் கண்ணாடியைத்தான் துடைக்கிறான். சின்ன சோலை நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்திருக்க வேண்டும்; திரும்பாமல் நின்றான்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ தோத்தா ஜீப்பு என் கையில இருக்கும்," என்றான் ஈஸ்வரன். குரலில் சண்டை எதுவும் இல்லை. "ஜெயிச்சா அன்னைக்கே சாவியைப் பிடுங்கிருவாரு. பாண்டித்துரை அண்ணன்கிட்டப் போனா அங்கயும் ஏத்த மாட்டாக. ரெண்டு பேரும் ஒண்ணு. அப்புறம் நான் எந்த வண்டியை ஓட்டுறது? நீ எந்த வண்டியில மலையேறுறது?"

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வெலகியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அவன் சொன்னதில் தப்பான கணக்கு எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குடித்துவிட்டு வந்து செய்திருந்தால் அடித்திருக்கலாம். ஆசைப்பட்டுச் செய்திருந்தால் திட்டியிருக்கலாம். பயந்துபோய் உட்கார்ந்து, நிதானமாக யோசித்து, குடும்பத்துக்காகச் செய்திருக்கிறான்.

ஈஸ்வரன் முன்கதவைத் திறந்து வைத்தான். சின்ன சோலை அதைத் தாண்டிப் போய்ப் பின்னால் ஏறினாள். லோடு ஏற்றுகிற இடம், எதிரெதிரே இரண்டு பலகை. பெரிய சோலை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, திறந்திருந்த முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குத்தான?" என்றான் ஈஸ்வரன்.

"ஜீப்பு நிக்கிற எடத்துக்குப் போ," என்றாள் சின்ன சோலை பின்னாலிருந்து. "அவளுக எறங்குற நேரம். நடந்ததை அவளுககிட்டச் சொல்லணும்."

*

வழியெல்லாம் சின்ன சோலை சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டு வந்தாள். சீனிச்சாமியின் சூழ்ச்சி, புருசனின் துரோகம், வடை. வடையைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் பெண்கள் கொதிப்பார்கள். மருதாயி பெரிய சோலையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். கொதிக்கிற கூட்டத்தை அப்படியே வீடு வீடாக அனுப்பினால், கத்தரிக்காய்க்குக்கூடக் குத்த வைத்துவிடலாம். தோல்வி இன்னும் எழுதப்படவில்லை.

மலையிலிருந்து வந்த ஜீப்பும் அப்போதுதான் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு நின்றார்கள். மருதாயி இறங்குவதற்கு முன்பே கேட்டாள்:

"வாங்கிட்டாளா? வாபஸ் வாங்கிட்டாளா?"

சின்ன சோலை வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து பெரிய சோலை இறங்கினாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். அந்தப் பெண்களுக்கு முன்னால் வந்து நின்று, கையைக் கூப்பினாள். பழக்கமில்லாத கை, கூப்பியது சாமி கும்பிடுவது போலத்தான் இருந்தது.

"வாங்கல," என்றாள். "நான் நிக்கிறேன். கொழாய்ச் சின்னம். ஒங்க ஓட்டை எனக்குப் போடுங்க."

பெண்கள் காலை உதறுவதை நிறுத்தினார்கள். எங்கோ கோழி ஒன்று கூவியது, நேரம் தெரியாமல்.

"கேட்டீகளா!" என்று சின்ன சோலை பின்பலகையிலிருந்து குதித்து இறங்கினாள். "சீனிச்சாமி நிறுத்தி நிக்கிறா! நம்ம ஓட்டைப் பிரிக்க நிறுத்தியிருக்கான்! அவனுக்குக் கூட்டு யாரு தெரியுமா? இந்தா, வண்டிக்குள்ள ஒக்காந்திருக்கிற என் புருசன்!"

எல்லோரும் ஈஸ்வரனைப் பார்த்தார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"ஆமா," என்றாள் பெரிய சோலை. "நிறுத்துனது சீனிச்சாமிதான், பொய் சொல்லல. ஆனா நிக்கிறது நானு. ஜெயிச்சா அவன் சொல்றதையும் கேக்க மாட்டேன், இவ சொல்றதையும் கேக்க மாட்டேன். ஒங்க பிள்ளைக எதைத் தின்னா எதுக்குக் காய்ச்சல் வரும்னு எனக்குத் தெரியும். இவளுக்கு மலையில நடக்கிறது தெரியும். எதைத் தெரிஞ்சவ வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே மூச்சு வாங்கியது. கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண், சின்ன வயசுதான், கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்காரி, "சரிக்கா" என்றாள். சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் மறுத்துச் சொல்லவில்லை.

சின்ன சோலை மருதாயியின் பக்கம் திரும்பினாள். மருதாயி இருக்கிறாள். வாயைத் திறந்தால் போதும். நாலு வார்த்தை நாறக் கேட்டால், இந்தக் கும்பிட்ட கை இறங்கிவிடும்.

"மருதாயிக்கா, நீயாச்சும் கேளுக்கா," என்றாள்.

மருதாயி பெரிய சோலையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் இடுப்பைப் பார்த்தாள். தன் பேத்தி எப்போதும் உட்கார்ந்திருக்கிற பக்கம், ஆபீசுக்குக் கட்டிய சீலைகூட அங்கே மட்டும் நைந்திருந்தது. பிறகு கீழே குனிந்து, தூக்குவாளியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன் பெரியவளே," என்றாள்.

சொல்லிவிட்டு நடந்தாள். சின்ன சோலை நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.